இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி

ஆடி 2, வியாழன்

போடிநாயக்கனூர் ஒச்சப்பனாகிய நான், மலையேறும் ஜீப்புகளின் சக்கரவர்த்தி, அடிவாரத்து முந்தல் முதல் உச்சியிலுள்ள மெட்டு வரை உள்ள அத்தனை வளைவுகளையும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்க வைக்கிறவன், இன்று ஒரு தீர்ப்பு சொல்ல அழைக்கப்பட்டேன்.

அழைத்தவள் என் அக்கா மகள் கௌமாரி. மலைமேல் அவளுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. தினமும் காலையில் போடியிலிருந்து காய் எடுக்கிற பெண்களை என் ஜீப்பில்தான் ஏற்றிப் போகிறேன். அந்த ஜீப் ஓடத் தகுதியில்லை, இனி எஃப்.சி. தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என்னைப் பார்த்தும் அதையேதான் சொல்ல நினைத்திருப்பார்கள், மீசைக்குப் பயந்து விட்டுவிட்டார்கள். ஆகவே கௌமாரி புதிதாக ஒரு ஃபோர் வீல் வண்டி வாங்குகிறாள். வண்டி அவளுடையது, ஓட்டப்போவது நான். ஒரே மாடலில் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் நாம் கியர் போட வேண்டும். இன்னொன்று ஆட்டோமேட்டிக், தானே மாற்றிக்கொள்ளும், கிளட்சே கிடையாது. ஆடியில் யாரும் வண்டி எடுப்பதில்லை. ஆவணி பிறந்ததும் எடுக்க வேண்டும். அதற்குள் எது என்று நான் சொல்ல வேண்டுமாம்.

"தாய்மாமன் நீங்க. நீங்க எதைச் சொல்றீகளோ அதுதேன். நான் வாயத் தெறக்க மாட்டேன் மாமா" என்றாள்.

நியாயம்தான். எங்கள் வீடுகளில் புது வண்டியை முதலில் நகர்த்துவது தாய்மாமன். சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சை அவன் ஓட்டத்தான் நசுங்க வேண்டும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆட்டோமேட்டிக்கைப் பற்றி என் கருத்து மூவுலகமும் அறிந்தது. வீரபாண்டித் திருவிழாவுக்கு ஒருவன் அப்படி ஒரு காரில் வந்தபோது, "இது வண்டியில்லப்பா, சக்கரம் வச்ச கட்டில்" என்றேன். சனம் சிரித்த சிரிப்பில் முல்லையாறு கொஞ்ச நேரம் நின்றுதான் ஓடியது. மெக்கானிக் மைதீனின் பட்டறையில் எல்லார் முன்னாலும் சபதமே போட்டிருக்கிறேன், நான் ஆட்டோமேட்டிக் ஓட்டினால் பாதி மீசையை எடுத்துவிடுவதாக.

இது லேசுப்பட்ட மீசை இல்லை. என் வீட்டுக்காரி ராமுத்தாயின் கருமாதிக்கே எடுக்காத மீசை. தலையை மழித்துவிட்டு நாவிதர் கத்தியோடு நின்றார். இது வேண்டாம் என்றேன். பங்குனியில் நடந்தது அது.

சோறு இன்றும் அதிகமாகிவிட்டது. கையின் அளவு இன்னும் மாறவில்லை. பக்கத்து வீட்டுக் கோழிகள் என் சோற்றைத் தின்று ஆட்டுக்குட்டி அளவுக்கு வந்துவிட்டன.

ஆடி 5, ஞாயிறு

தேனி ஷோரூமுக்குப் போனோம். கழுத்துப்பட்டை கட்டிய ஒரு தம்பி கியர் வண்டியின் சாவியைத் தந்தான். ஏறி உட்கார்ந்தேன். வாசலைத் தாண்டுமுன் வண்டி இரண்டு தடவை அணைந்துவிட்டது. புது கிளட்ச் அப்படித்தான், பழகாத மாட்டின் மடி மாதிரி என்று அவனுக்கு விளக்கினேன். தலையாட்டினான். அவன் மாட்டைப் பக்கத்தில் பார்த்திருக்க மாட்டான்.

ரோட்டுக்கு வந்த பிறகு ஒழுங்காகத்தான் போனது. அரசனைப் போல ஓட்டினேன். கௌமாரி பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்காமல் கீழேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பிறகு டீக்கடைக்கு நடந்தோம். உச்சி வெயில். தாரில் அப்பளம் போட்டால் பொரியும். டீ வாங்கிக் கொடுத்தபோதுதான் கௌமாரி என் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் இல்லை.

இடது செருப்பு என்னைவிட்டு ஓடிப்போயிருக்கிறது. எங்கே, எப்போது, யாரோடு என்று தெரியவில்லை. சக்கரவர்த்திகளின் வாழ்வில் இப்படி நேர்வது உண்டு என்று சொன்னேன். கௌமாரி சிரிக்கவில்லை. "டீ ஆறுது மாமா" என்றாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம். பெரியதுதான். வலி ஒன்றும் இல்லை.

ஆடி 6, திங்கள்

காலையில் வாசற்படியில் இடது செருப்பு இருந்தது, துடைத்து வைக்கப்பட்டு. யார் வைத்தது என்று நான் விசாரணைக் கமிஷன் எதுவும் போடவில்லை.

ஆடி 9, வியாழன்

மைதீன் பட்டறையில் மகாசபை கூடியது. விவாதம்: கியரா, ஆட்டோமேட்டிக்கா. ஒரு பக்கம் நான். எதிர்ப்பக்கம் யாரும் இல்லாததால் மைதீனை அமர்த்தினேன்.

நான் சொன்னது: மலையிறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பேட்டரி செத்தால் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். பாறையில் சக்கரம் ஏறும்போது எவ்வளவு இழுவை வேண்டும் என்பதை அரைக் கிளட்சில் கால் சொல்லும், கால் கேட்கும். வண்டிக்கும் மனிதனுக்கும் நடுவில் இருக்கிற ஒரே பேச்சுவார்த்தை அதுதான்.

மைதீன் திருப்புளியைத் துடைத்துக்கொண்டே மறுப்புச் சொன்னான். ஏற்றத்தில் ஆள் பாரத்தோடு நின்று கிளம்பும்போது ஆட்டோமேட்டிக் பின்வாங்காதாம். கிளட்ச் பிளேட் கருகுகிற பேச்சே இல்லையாம். லோ கியரில் போட்டால் இறக்கத்திலும் பிடிக்குமாம். ரிப்பேர் வந்தால்தான் மதுரைக்குப் போக வேண்டும், இங்கே எவனுக்கும் தெரியாது என்றான்.

"ஒனக்குமா?"

"எனக்குந்தேன். ஆனா மாப்ள, வண்டி யாருக்குன்னு பாத்துல்ல வாங்கணும்."

யாருக்கு என்றால் எனக்குத்தான் என்றேன். அவன் வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். வாதத்தில் நான் வென்றேன். வெற்றி ஊர்வலம் பட்டறையிலிருந்து வீடு வரை நடந்தது. ஊர்வலத்தில் நான் ஒருவனே.

ஆடி 13, திங்கள்

மழை. மேலே மேகம் ரோட்டில் படுத்துக் கிடந்தது. பெண்கள் எல்லாரும் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து வருகிறார்கள். என் பக்கத்துச் சீட்டு காலி. பங்குனியிலிருந்தே யாரும் அதில் உட்காருவதில்லை. நானும் உட்காரச் சொல்லவில்லை. எனக்கு அதில் ஒன்றுமில்லை. காற்று நன்றாக வருகிறது.

ரசம் வைத்தேன். உப்பு மறந்துவிட்டது. சாப்பிட்டு முடித்த பிறகுதான் அது தெரிந்தது.

ஆடி 18, சனி

ஆற்றங்கரையெல்லாம் பெருக்குக் கூட்டம். எங்கள் பெண்களுக்கு மட்டும் வேலை, காய் பழுத்து நிற்கிறது.

தார் ரோட்டை விட்டுத் தோட்டத்துக்குப் பிரிகிற மண்பாதையில் ஒரு செங்குத்து உண்டு. அதற்கு நான் வைத்த பெயர் மாமியார். மாமியார் மேல் ஏறும்போது எதிரில் ஒரு மாடு. நிறுத்தினேன். மாடு போன பிறகு கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டேன். மிதித்தேன் என்றுதான் நினைத்தேன். பல்சக்கரம் அலறியது, இன்ஜின் அணைந்தது, ஜீப் பின்னால் உருள ஆரம்பித்தது.

கீழே குனிந்து பார்த்தேன். ஓட்டுகிறவன் குனிந்து தன் காலைப் பார்க்கிறான், எத்தனை கேவலம். இடது கால் கிளட்சின் மேல் இல்லை. பக்கத்தில், வெறும் தகரத்தை உயிரைக் கொடுத்து மிதித்துக்கொண்டிருந்தது.

கைப்பிரேக்கை இழுப்பதற்குள் பின்பக்கம் மண்மேட்டில் முட்டி நின்றது. மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மேகம்தான். பின்னாலிருந்து வெள்ளத்தாய் எப்படிக் குதித்தாளோ, அதற்குள் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மழைக்கு வழுக்கியது என்றேன். வெள்ளத்தாய்தான் அவர்களுக்கெல்லாம் மூத்தவள், வாய்க்குப் பஞ்சமில்லாதவள். இன்று மெதுவாகத்தான் சொன்னாள்.

"அண்ணே, எங்க வீடுகள்ல சின்னஞ்சிறுசுக இருக்குண்ணே."

மீதித் தூரத்தை அவர்கள் நடந்தே ஏறினார்கள்.

நெஞ்சு படபடத்ததா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. மேகத்தைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. வெள்ளையாக இருந்தது.

ஆடி 20, திங்கள்

ஜீப்பை மைதீனிடம் விட்டேன். கிளட்ச் பிளேட் போய்விட்டது, அது என்னைக் கொல்லப் பார்த்தது, அதைத் தூக்கில் போடு என்றேன். பெண்களை ஏற்றிப்போக கௌமாரி வேறு ஜீப் அமர்த்தியிருக்கிறாள்.

சாயங்காலம் மைதீன் கிளட்ச் பிளேட்டைக் கழற்றி என் கையிலேயே கொடுத்தான்.

"நல்லாருக்கு மாப்ள. இன்னும் ரெண்டு வருசம் ஓடும்."

பிறகு அதைத் திரும்ப மாட்டினான். அவன் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஆடி 21, செவ்வாய்

வண்டி இல்லை. வெளியே போகவில்லை. கோழிகள் வந்தன. போட்டேன்.

ஆடி 24, வெள்ளி

வைப்பர் பிளேடு வாங்குவதாகச் சொல்லிவிட்டு தேனிக்குப் போய் நரம்பு டாக்டரைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். காலில் எங்கெங்கே தொடுகிறாரோ அப்போதெல்லாம் சொல்ல வேண்டும். வலது காலில் கொசு உட்கார யோசிப்பதையே சொல்லிவிட்டேன். இடது காலுக்கு வந்ததும், தெரியுது, தெரியுது, இப்பவும் தெரியுது என்று தைரியமாகச் சொன்னேன்.

"ஐயா, நான் இன்னும் தொடவே ஆரம்பிக்கல" என்றார் டாக்டர்.

முதுகெலும்பின் அடியில் எலும்பு நடுவில் இருக்கிற தட்டு பிதுங்கி, இடது காலுக்குப் போகிற நரம்பை அமுக்குகிறதாம். உணர்ச்சி திரும்பினாலும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். மாத்திரை, உடற்பயிற்சி, பிறகு பார்க்கலாம் என்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். பங்குனியில் சுடுகாட்டுக்கு வெறுங்காலோடு நடந்தேன், முள்ளுக்காடு அது. அப்போதே ஒன்றும் தெரியவில்லை. அது காலால் என்று நான் நினைக்கவில்லை. இதை டாக்டரிடம் சொல்லவில்லை.

வலது கால் சுத்தமாக இருக்கிறது, ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் பயமில்லை என்றார். கிளட்ச் வண்டியை மட்டும் தொடவே கூடாதாம். ராஜாவிடம் கோட்டையை வைத்துக்கொள், கொடியை இறக்கிவிடு என்கிற மாதிரி.

திரும்பும்போது ஒரு வைப்பர் பிளேடு வாங்கிக்கொண்டேன். சொன்ன சொல் தவறக் கூடாது.

ஆடி 27, திங்கள்

யாருக்கும் சொல்லாமல் ஷோரூமுக்குப் போய் ஆட்டோமேட்டிக்கைக் கேட்டேன். கழுத்துப்பட்டைத் தம்பிக்கு ஒரே சந்தோஷம். வைகை அணைப் பக்கம் கரடு ஒன்றில் ஏற்றினேன். அது ஏறிய அழகைச் சொல்லக் கூடாது, சொன்னால் மைதீன் சிரிப்பான். பாதி ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பினேன், ஒரு விரல்கடை பின்வாங்கவில்லை. லோவில் போட்டு இறக்கினேன், சமர்த்துப் பிள்ளையாக இறங்கியது. இடது காலுக்கு வேலையே இல்லை. ஓரமாக வைத்துக்கொண்டேன், கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்து உறவுக்காரனை உட்கார வைக்கிற மாதிரி.

குறை ஒன்றே ஒன்று. கியர்த்தடி அசையவே இல்லை. ஒரு தடவை போட்டால் அப்படியே நிற்கிறது.

என் ஜீப்பின் கியர்த்தடி நீளம். இரண்டாவது கியருக்கு இழுக்கும்போது பக்கத்துச் சீட்டில் இருக்கிறவர்களின் முழங்காலில் இடிக்கும். கல்யாணமான புதிதில் ராமுத்தாய்க்கு இடித்து இடித்துக் கன்னிப்போயிருந்தது. அப்புறம் பழகிவிட்டாள். வெளியே பார்த்துக்கொண்டே வருவாள், பின்னால் இருக்கிறவர்களோடு சண்டை போட்டுக்கொண்டே வருவாள், தூங்கிக்கொண்டும் வருவாள். வளைவு வந்தால் என் கை நகருமுன்பே முழங்கால் நகர்ந்துவிடும். ஒவ்வொரு வளைவிலும். காலையில் ஏறும்போதும் சாயங்காலம் இறங்கும்போதும்.

இப்போதும் இரண்டாவது கியர் போடும்போது கையைக் கொஞ்சம் ஒடுக்கித்தான் போடுகிறேன்.

இது வண்டி வாங்குவது சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. சும்மா எழுதினேன்.

ஆடி 30, வியாழன்

ஒன்றும் இல்லை.

ஆவணி 1, சனி

கௌமாரி வந்தாள். தீர்ப்பு நாள். நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு, துண்டைத் தோளில் சரிசெய்து உட்கார்ந்தேன். ஆட்டோமேட்டிக் என்பது உண்மையில் பாண்டியர் காலத்திலேயே இருந்தது, யானைக்குக் கிளட்ச் உண்டா என்று ஒரு பிரசங்கம் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல பிரசங்கம். வாயைத் திறந்தேன், அது வரவில்லை.

"ஆத்தா, எடது காலு செத்துப்போச்சு. தொட்டாத் தெரியல" என்றேன்.

கௌமாரி தரையில் உட்கார்ந்தாள்.

"செருப்பக் கொண்டாந்து வச்ச அன்னைக்கே தெரியும் மாமா."

"அப்பறம் ஏன் வாயத் தெறக்கல?"

"ஒங்க காலு. நீங்கல்ல சொல்லணும்."

அவள் ஓட்டுவதாக இருந்தால் கியர் வண்டி எடு, அதுதான் மலைக்கு ராஜா, இங்கேயே ரிப்பேரும் பார்க்கலாம் என்றேன். நான் ஓட்டுவதாக இருந்தால் மற்றது. அவள் யோசிக்கவே இல்லை. தோட்டத்தில் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை கிடக்கிறதாம், காலையும் மாலையும் மலை ஏறி இறங்க நேரமில்லையாம். ஆட்டோமேட்டிக்கே போதும் என்றாள். ஆனால் வெள்ளத்தாயிடமும் மற்றவர்களிடமும் கால் விஷயத்தை நானே சொல்ல வேண்டும், அவர்கள் ஏறுகிறோம் என்றால்தான் வண்டி என்றாள். டாக்டர் சொன்னதையும் அவர்களிடம் சொல்லச் சொன்னாள்.

எழுந்து போகும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"காலு மட்டுந்தானா மாமா?"

"வேற என்ன?" என்றேன்.

கோழிகளைத் தாண்டிப் போனாள்.

ஆவணி 3, திங்கள்

வெள்ளத்தாய் வீட்டு வாசலில் எல்லாரும் இருந்தார்கள். சொன்னேன். முதலில் மாமியார் மேல் ஏற்றிக் காட்டு, நாங்கள் மேலே நின்று பார்க்கிறோம், அப்புறம் ஏறுகிறோம் என்றாள் வெள்ளத்தாய். நியாயமான தேர்வு. எந்த சர்க்காரும் இத்தனை கண்டிப்பாக லைசென்ஸ் கொடுத்ததில்லை.

ஆவணி 6, வியாழன்

காலையில் சலூனுக்குப் போனேன்.

"பாதியா?" என்று கேட்டான் சலூன்காரன். சபதம் ஊருக்கே தெரியும்.

"பாதி எடுத்தா பாரம் ஒரு பக்கமாச் சாயும். வளைவுல ஆபத்து. முழுசா எடு."

கண்ணாடியில் வேறு யாரோ இருந்தார். நல்ல மனிதராகத் தெரிந்தார். கொஞ்சம் வயதானவர்.

கோயில் வாசலில் வண்டி மாலையோடு நின்றது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை. மைதீன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்திருந்தான், பாதி மீசையைப் பார்த்துச் சிரிக்க. என்னைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் ஒரு கருமாதி வீட்டுக்குத் தாமதமாக வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். வெள்ளத்தாய் கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பத்தேன் எடுக்கத் தோணுச்சாண்ணே?"

"சபதம்" என்றேன்.

"ஆமா, சபதம்" என்றாள்.

ஏறினேன். வலது காலை லேசாக வைத்தேன். எலுமிச்சைகள் நசுங்கின. கௌமாரி குலவை போட்டாள்.

சாயங்காலம் மாமியார் மேல் ஏற்றிக் காட்டினேன். நடுவில் நிறுத்தி, கிளப்பி, மறுபடி நிறுத்தி, கிளப்பினேன். மேலே பெண்கள் வரிசையாக, கண்கொட்டாமல் நின்றார்கள். பாஸ்.

ஆவணி 7, வெள்ளி

முதல் நடை. பெண்கள் வந்தார்கள், வழக்கம்போலப் பின்னால் ஏறத் தொடங்கினார்கள். சோற்று வாளியும் மழைக்காகிதமுமாக நெருக்கியடித்தார்கள்.

"வெள்ளத்தாயி, முன்னால வா" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். வந்து உட்கார்ந்தாள். வாளியை மடியில் வைத்துக்கொண்டாள்.

முந்தல் தாண்டியது. வண்டி தானே மாற்றிக்கொண்டு தானே ஏறியது. நான் ஒரு பயணியைப் போல உட்கார்ந்திருந்தேன், இடது கால் ஓரமாக. ஏலக்காய் விலை, யாருடைய மருமகளோ கோபித்துக்கொண்டு போனது, மழை என்று பின்னால் பேச்சு ஓடியது. வெள்ளத்தாய் திரும்பி உட்கார்ந்து அவர்களோடு வாயாடிக்கொண்டு வந்தாள்.

முதல் பெரிய வளைவு வந்தது. என் இடது கால் தானாக எழுந்து இல்லாத கிளட்சைத் தேடி மிதித்தது. இடது கை தன்பாட்டுக்குக் கியர்த்தடிக்குப் போனது, ஒடுக்கிக்கொண்டு. இழுக்க அங்கே ஒன்றுமில்லை, தெரியும். கை போய்விட்டது.

வெள்ளத்தாய் பின்னால் பார்த்தபடி, பேச்சை நிறுத்தாமலே, முழங்காலை நகர்த்தினாள்.

வளைவு முடிந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பேச்சு நின்றது.

"அத்தன வருசம் பின்னால ஒக்காந்து பாத்தது" என்றாள். "அதுவா நகருதுண்ணே."

தலையாட்டினேன். ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அடுத்த வளைவுக்கு முன்னால் உதட்டின் மேல் ஏதோ ஊர்ந்தது. எலுமிச்சைக்கும் மாலைக்கும் வந்த எறும்பு என்று நினைத்துத் தட்டினேன். கை ஈரமாக வந்தது.

மீசை இருந்திருந்தால் தெரிந்திருக்காது.